1943 லோங் பிராஞ்ச் 303 துவக்கு: குழல் மாத்திப் பழைய இராணுவக் கோலத்துக்குக் கொண்டுவர ஒரு கைகாரன் வேணும்

கராஜ்காரன் (ஸ்காபரோ) · ஏப்ரல் 6

வணக்கம். இரண்டு வருசமா ஒளிச்சிருந்து வாசிச்சதுதான். எழுதுறது இதுதான் முதல் தரம்.

எங்கட தெருவில கடைசி வீட்டில இருந்த வெள்ளைக்காரக் கிழவர் போன மாரியில செத்துப்போனார். மனுசி வீட்டை வித்திட்டு மகளோட இருக்கப் போறா. நான் மான் வேட்டைக்குப் போறது அவவுக்குத் தெரியும். "இவரின்ர துவக்கு ஒண்டு பேஸ்மென்றில கிடக்கு, முன்பின் தெரியாத ஆளுக்குக் குடுக்க மனமில்லை" எண்டா. லைசென்ஸ் சரிபாத்து, றெஃபரன்ஸ் நம்பர் எடுத்து, முறையாத்தான் கைமாறினது.

சாமான் இதுதான்: லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார். துவக்கின்ர இரும்பு உடலில இடப்பக்கம் "லோங் பிராஞ்ச் 1943" எண்டு வெட்டியிருக்கு. சி எழுத்துக்குள்ள அம்புக்குறி போட்ட கனடா அரசாங்க முத்திரையும் இருக்கு. ஆனால் ஆரோ வேட்டைக்கு ஏத்தமாதிரி வெட்டித் தள்ளிட்டினம். முன்கட்டை பாதியில நிக்குது. மேல்மூடிக் கட்டை ரெண்டும் இல்லை. குழலை இருபது அங்குலத்தில அறுத்திருக்கு. அறுத்த வாய் கண்ணால பாத்தாலே சரிவு தெரியுது, கைவாளால அறுத்ததுதான்.

ஐம்பது யாரில எட்டு வெடி வைச்சுப் பாத்தன். கோழி கிளறின மாதிரி அங்கையும் இங்கையும். அதிலயும் மூண்டு சன்னம் நேரா துளைக்காமல் பக்கவாட்டில பேப்பரைக் கிழிச்சிருக்கு. குழலுக்குள்ள வெளிச்சம் பிடிச்சுப் பாத்தால் அடுப்புப் புகைக்கூடு மாதிரிக் கிடக்கு. இன்னுமொண்டு, உள்ளுக்குள்ள சன்னத்தைச் சுழல வைக்கிற வரிப்பள்ளம் ரெண்டுதான் தெரியுது. அஞ்சு இருக்கவேணும் எண்டு எங்கையோ வாசிச்சனான். மிச்சம் மூண்டும் தேய்ஞ்சு போச்சுதோ?

மூண்டு இடத்தில விசாரிச்சன். ஒருத்தர் "ஸ்கோப் பூட்டிறது மட்டும்தான் செய்வம்" எண்டார். அடுத்தவரிட்ட வரிசை பதினாலு மாசம். மூண்டாமவர் வாங்கிப் பாக்காமலே "உதுக்கு மினக்கெடாதை, வேற ஒண்டு வாங்கு" எண்டார். எனக்கு இதைத்தான் திருப்பி எடுக்கவேணும். ஒன்ராறியோவில ஆரும் நல்ல ஆள் தெரியுமோ?

பழைய_இரும்பு (கால்கரி, ஊர் திருச்சி) · ஏப்ரல் 6

தம்பி, ஆள் தேடறது அப்புறம். முதல்ல அந்தத் துப்பாக்கியை இனிமே சுடாதீங்க. எட்டு ரவுண்டு சுட்டு முகம் முழுசா இருக்குன்னா சாமி புண்ணியம்.

மூணு தேயல. போர்க்காலத்துல வேகத்துக்காக ரெண்டு வரிக் குழலே போட்டாங்க, லோங் பிராஞ்ச்லயும் போட்டாங்க, அமெரிக்காவுல சாவேஜ்லயும் போட்டாங்க. அஞ்சு பள்ளம் இழுக்கிற நேரத்துல ரெண்டு இழுத்தா எவ்வளவு மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க. குறி தப்புமோன்னு பயந்து சோதிச்சுப் பாத்ததுல பெரிய வித்தியாசம் தெரியல. ரெண்டு வரிங்கறது குறையில்லை. உங்க குழலோட குறை வேற.

குண்டு பக்கவாட்டுல கிழிக்குதுன்னா அது சுழலாமப் போகுதுன்னு அர்த்தம். குழல் அகண்டுபோய் பள்ளம் குண்டைப் பிடிக்கல. கார்டைட் வெடிமருந்து ரொம்பச் சூடா எரியும், அறைக்கு முன்னாடி இருக்கிற தொண்டையை அரிச்சிடும். பழைய தோட்டாவோட பிரைமர் (அடியில மருந்தைப் பத்த வைக்கிற மூடி) எரிஞ்சா உப்புப் படியும். சுட்டு முடிச்சதும் வெந்நீர் ஊத்திக் கழுவலைன்னா அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வெச்சிடும். எண்ணெய் மட்டும் போட்டா உப்பு கரையாது. உங்க கிழவர் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருப்பார், பாவம்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடம் பாருங்க. போல்ட்டை (தோட்டாவைத் தள்ளி அறையை மூடற தண்டு) பின்னுக்கு இழுத்தீங்கன்னா வலப்பக்கம் போல்ட் தலை ஓடற தண்டவாளம் மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். மார்க் 1 ஸ்டார்ல போல்ட்டைக் கழட்டறதுக்கு அந்த விளிம்புலேயே ஒரு வெட்டு குடுத்திருப்பாங்க. அந்த வெட்டு மூலை உடையறது இந்த மாடலுக்கே உள்ள வியாதி. அங்க சில்லு பேந்திருந்து போல்ட் தலை எகிறினா, குழல் மாத்தறது செத்தவனுக்கு வைத்தியம்.

இன்னொண்ணு. சில பேர் இதை "ஆன்டிக்"னு சொல்லி விக்கறாங்க. கனடா சட்டப்படி இது ஆன்டிக் இல்லை. 1898-க்கு முன்னாடி செஞ்சிருக்கணும். அப்பவும் அடி நடுவுல பிரைமர் வெச்ச தோட்டா போடறதா இருந்தா குழல் வாய் 8.3 மில்லிமீட்டராவது இருக்கணும், தோட்டாப்பெட்டி வெச்ச ரிப்பீட்டரா இருக்கக் கூடாது. 303 எந்தக் காலத்துல செஞ்சதுன்னாலும் அதுல வராது. சி-21 சட்டம் வந்தப்புறம் வெறும் குழல் வாங்கவும் லைசென்ஸ் காட்டணும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

முல்லைமண் (மார்க்கம்) · ஏப்ரல் 7

குறை நினைக்காதையுங்கோ. துவக்கு எண்ட சொல்லைக் கண்டாலே எனக்கு இப்பவும் வயிறு பிசையும். இதெல்லாம் விட்டிட்டுத்தானே இஞ்ச வந்தனாங்கள்? ஏன் திரும்பக் காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டுவாறியள்?

கராஜ்காரன் · ஏப்ரல் 7

குறை ஒண்டும் இல்லை அண்ணை. என்ர மனுசியும் இதைத்தான் கேட்டவ. பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரியில இருக்கு, போல்ட் தனியா வேற இடத்தில. என்ர அப்பா யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடக் கடேற்றில இந்த 303 ஐத் தோளில வைச்சுத்தான் டிரில் செய்தவர். ஒல்லி ஆள். "தோள் எலும்பு ஒரு கிழமை நொந்தது" எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவார். எனக்குத் துவக்கு எண்டால் முதல் ஞாபகம் அந்தச் சிரிப்புத்தான். பிறகு வந்த ஞாபகங்கள் வேற. அதை இஞ்ச எழுதேல்ல.

முல்லைமண் · ஏப்ரல் 7

சரி தம்பி. விளங்குது.

லேக்‌ஷோர்_வாசி (மிசிசாகா) · ஏப்ரல் 8

இந்த இழைக்குள் வரவேண்டும் என்று நினைக்கவில்லை, ஊர்ப்பெயர் பார்த்து வந்துவிட்டேன். உங்கள் துவக்கு பிறந்த இடத்துக்கு நான் நாய் நடத்திக்கொண்டு போகிறவள்.

லேக்‌ஷோர் வீதி கிழக்கில், ரொறன்ரோ எல்லைக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு நீளமான செங்கல் கட்டடம் நிற்கிறது. ஸ்மோல் ஆர்ம்ஸ் இன்ஸ்பெக்‌ஷன் பில்டிங். இன்று அதில் ஓவியக் கண்காட்சியும் சந்தையும் நடக்கின்றன. பக்கத்தில் பழைய தண்ணீர்த் தாங்கி. போர்க்காலத்தில் அங்கே இருந்த துவக்குத் தொழிற்சாலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 1941 நடுவில் முதல் துவக்கு வெளியே வந்தது. 1945 வரை ஒன்பது லட்சத்துக்கு மேல். அதற்கும் முன், 1915 இல், அதே நிலத்தில்தான் கனடாவின் முதல் விமானத்தளம் இருந்தது.

கண்காட்சிக்குப் போகும் நம் ஆட்கள் அரைவாசிப் பேருக்கு அது என்ன கட்டடம் என்றே தெரியாது. ஸ்காபரோவிலிருந்து நாற்பது நிமிடம். ஒருநாள் போய்ப் பாருங்கள். துவக்கைக் கொண்டுபோக வேண்டாம்!

வேட்டைக்கிறுக்கன் (சட்பரி) · ஏப்ரல் 9

எல்லாரும் ஏத்திவிடுறியள். நான் மாறிச் சொல்லுறன். வெட்டின துவக்கை வெட்டினபடி விடு. போர் முடிஞ்சாப்பிறகு மிச்சமான 303 களை மலிவா வாங்கி, வெட்டி, பாரத்தைக் குறைச்சு, வடக்கில மூஸ் எண்ட பெரிய மானைச் சுட்டு இறைச்சி போட்ட சனம்தான் இந்த நாட்டுச் சனம். அந்த வெட்டும் சரித்திரம்தான். நீ குழல், கட்டை, பூண், குறி பாக்கிற முள்ளு எல்லாம் வேற வேற துவக்கில இருந்து பொறுக்கிப் பூட்டினால் அது 1943 லோங் பிராஞ்சோ, இல்லாட்டி கராஜில செய்த வேசமோ? நல்ல ஒரு முழுத் துவக்கு வாங்கிறதுக்கு இதைவிடக் குறையத்தான் முடியும்.

பழைய_இரும்பு · ஏப்ரல் 9

செலவு விஷயத்துல கிறுக்கன் சொல்றது நிஜம். முழுசா வாங்கறதுதான் மலிவு. ஆனா "வெட்டினபடி விடு"ங்கறதை ஒத்துக்க மாட்டேன். குண்டு குறுக்கால போற துப்பாக்கியால மானைச் சுடக் கூடாது. குழல் எப்படியும் மாறணும். மாத்தறப்ப இருபது அங்குலத்துல மாத்தறதா, முழுசா 25.2 அங்குலத்துல மாத்தறதாங்கறதுதான் கேள்வி. வேலை ஒண்ணுதான்.

வேஷம்னு சொல்றதும் சரியில்லை. ராணுவத்துல குழல் தேய்ஞ்சா மாத்தினாங்க, கட்டை உடைஞ்சா மாத்தினாங்க. நம்பர் போட்ட உடலும் அதோட போல்ட்டும்தான் துப்பாக்கி, மத்ததெல்லாம் உதிரி. வடக்குல காவல் பாக்கற ராணுவப் பிரிவான கனடியன் ரேஞ்சர்ஸ் 1947-ல இருந்து சமீபம் வரைக்கும் இதே நம்பர் 4-ஐத்தான் ஆர்க்டிக்ல தூக்கிட்டுத் திரிஞ்சாங்க. அதுல எத்தனைக்குப் பிறந்தப்ப இருந்த குழல் இருந்திருக்கும்?

லண்டன்_மார்ட்டினி (ஹாரோ) · ஏப்ரல் 11

ஆண்டிக் என்ற பேச்சு வந்ததால் என் கதையையும் போட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது மார்ட்டினி-ஹென்றி மார்க் 2. ஒற்றைத் தோட்டா, கீழே நெம்புகோல். நேபாள அரச ஆயுதக் கிடங்கில் நூறு வருடம் அடுக்கிக் கிடந்தவற்றில் ஒன்று. காட்மாண்டுவின் லகன் சிலேகானாவில் இருந்த அந்தக் குவியலை 2003 இல் ஒரு அமெரிக்க வியாபாரக் கூட்டு மொத்தமாக வாங்கியது, பிரவுன் பெஸ் என்ற பழைய மஸ்கெட் முதல் மார்ட்டினி வரை ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கு. என் கைக்கு வந்தபோது உள்ளும் புறமும் களிம்பு மாதிரி ஒரு மஞ்சள் கொழுப்பு. மண்ணெண்ணெய் வைத்து மூன்று வார இறுதி தேய்த்தேன். உள்ளே குழல் அம்மைத் தழும்பு.

நானும் குழல் மாற்றத்தான் கிளம்பினேன். நான் பார்த்த கைவினைஞர் கையிலே வாங்கி, குழலின் மேல் இருந்த முத்திரைகளைக் கைவிரலால் தடவிவிட்டு, "இதைக் கழற்றினால் நீ வாங்கியதே போய்விடும்" என்றார். பழம்பொருளுக்குக் குழலை மாற்றுவதில்லை, உட்குழல் செருகுவதுதான் வழி. பழைய குழலை உள்ளே அகலமாகக் கடைந்து, வரி இட்ட மெல்லிய புதுக் குழாயை நுழைத்து ஒட்டுவார்கள். வெளித்தோற்றம் அப்படியே நிற்கும். இந்தக் குழலுக்கு அலெக்சாண்டர் ஹென்றி வடிவமைத்த வரி ஏழு பள்ளம், 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதே சுற்றில் குழாய் கிடைப்பதே பெரும்பாடு.

அதற்கப்புறம் சட்டம். இங்கே அந்தத் தோட்டா வழக்கொழிந்த பட்டியலில் இருப்பதால், வெறும் சேகரிப்பாக வைத்திருக்க உரிமம் வேண்டாம். சுடுவேன் என்று சொன்ன நிமிடமே ஆயுதச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். குழலில் இப்படி ஒரு வேலை செய்தபின் விற்பதாக இருந்தால் பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ உள்ள சோதனைச் சாலையில் அதிக அழுத்தத் தோட்டா வைத்துச் சுட்டு முத்திரை வாங்க வேண்டும். கூட்டிப் பார்த்தேன். சுவரில் மாட்டிவிட்டேன்.

கராஜ்காரன் அண்ணா, உங்களுடையது ஒன்பது லட்சத்தில் ஒன்று, அதுவும் ஏற்கெனவே வெட்டியது. தயங்காமல் மாற்றுங்கள்.

பழைய_இரும்பு · ஏப்ரல் 11

இதுல ஒரு வித்தியாசம் கவனிங்க. கனடாவுல அந்த மாதிரி அரசாங்கச் சோதனைச் சாலை முத்திரைன்னு ஒண்ணு கிடையாது. குழல் மாத்தினவர் கையும் அளவுகோலும்தான் முத்திரை. அதனாலதான் ஆளைத் தேர்ந்தெடுக்கறதுல இவ்வளவு பேசறோம்.

கோவை_பட்டறை (கோயம்புத்தூர்) · ஏப்ரல் 12

நமக்கும் துப்பாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க, முப்பது வருசமா லேத் ஓட்டறவன். காலேஜ்ல என்சிசில டிரில்லுக்குன்னே வெச்ச, சுடாத டிபி ரைஃபிள் ஒண்ணு குடுப்பாங்க, அதோட சரி. ஆனா இந்தப் பேச்சு கேக்கக் கேக்க கை அரிக்குது. குழல் உடல்ல எப்படி உக்காருதுங்க? மரையா? மரைன்னா கழட்டி மாட்டறதுக்கு எதுக்குங்க பதினாலு மாச வரிசை?

பழைய_இரும்பு · ஏப்ரல் 12

மரைதான். அங்குலத்துக்கு பதினாலு. ஆனா குழல் நுனியில இருக்கிற முன்குறிமுள் நேர் மேல நிக்கணும். அடியில ஒரு தட்டை முகம் இருக்கும், அது முன்கட்டையில சமமா உக்காரணும். அதனால இறுக்கி முடிக்கறப்ப குழல் சரியா பன்னிரண்டு மணியில நிக்கணும். கையால முடுக்கினா பன்னிரண்டுக்கு சுமார் பதினஞ்சு டிகிரி முன்னாடியே குழலோட தோள் (மரை முடியற படி) உடல்ல முட்டி நின்னுடணும். மிச்சத்தை பெரிய சாவி போட்டு இழுத்துக் கொண்டுவரணும். அந்த இழுவைதான் ஆயிரக்கணக்கான வெடிக்கு அப்புறமும் குழலைத் தளராம வெச்சிருக்கு.

கோவை_பட்டறை · ஏப்ரல் 12

அட, கணக்கு போட்டுப் பாத்தனுங்க. ஒரு சுத்துக்கு 1.81 மில்லிமீட்டர். ஒரு டிகிரிக்கு அஞ்சு மைக்ரான். உங்க பதினஞ்சு டிகிரி எழுபத்தஞ்சு மைக்ரான், தலைமுடி கனம். தோளை ஒரு முடி கூட எடுத்துட்டா குறிமுள் இடப்பக்கம் சாஞ்சிரும், கம்மியா எடுத்தா பன்னிரண்டுக்கே வராது. இப்ப வரிசை ஏன்னு புரியுதுங்க. டையல் வெச்சுப் பாக்கத் தெரியாதவன் தொடக் கூடாத வேலை.

பழைய_இரும்பு · ஏப்ரல் 12

அதேதான். எங்கப்பா திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில இருந்தவர். "அளக்கத் தெரிஞ்சவன் கடையில கூட்டம் இருக்காது, சத்தமும் இருக்காது" என்பார்.

கராஜ்காரன் தம்பி, போன் பண்ணி "303-க்கு குழல் மாத்துவீங்களா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. "என்ஃபீல்ட் உடலுக்குன்னு செஞ்ச சாவி வெச்சிருக்கீங்களா, இல்லை பைப் ரெஞ்சா?" அப்படின்னு கேளுங்க. பைப் ரெஞ்ச்னா வணக்கம் சொல்லிட்டு வெச்சிடுங்க, உடல் முறுக்கிக்கும். "போல்ட் தலை எத்தனை நம்பர் கையில இருக்கு?"ன்னு கேளுங்க. நம்பர் 4-க்கு 0, 1, 2, 3-ன்னு நாலு நீளத்துல போல்ட் தலை உண்டு. 303 தோட்டா விளிம்புல உக்காருது, அந்த விளிம்புக்கு விடற இடைவெளியை அந்தத் தலை மாத்தித்தான் சரிபண்ணணும். 0.064 அங்குல அளவி மேல போல்ட் மூடணும், 0.074 மேல மூடக் கூடாது. இதைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் உற்சாகமாப் பேச ஆரம்பிச்சா சரியான ஆள். எரிச்சல்பட்டா வேற ஆள்.

ராணுவத்துல ஆயுத டெக்னீஷியனா இருந்து ஓய்வு பெற்று, லைசென்ஸ் எடுத்து வீட்டோட பட்டறை வெச்சிருக்கறவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. விளம்பரம் பண்ண மாட்டாங்க. சுடுதிடல்ல பழைய 303 வெச்சுப் போட்டி போடற கிழவங்ககிட்ட விசாரிங்க.

கராஜ்காரன் · ஏப்ரல் 20

தண்டவாளம் வடிவா இருக்கு, ஒரு சில்லும் பேரேல்ல. மெல்லிய ஈயக் குண்டு ஒண்டை எண்ணெய் போட்டு, மரத்தடியால குழலுக்குள்ள தட்டித் தள்ளி எடுத்து அளந்தன். ரெண்டு வரியும் எதிரெதிரே இருக்கிறதால மைக்ரோமீற்றர் லேசாப் பிடிச்சுது. அஞ்சு வரி எண்டால் ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடுதான் வரும், அளக்கிறது சீவன் போற வேலையாம். 0.317 வந்தது. நான் போட்ட சன்னம் 0.311. பக்கவாட்டில பறந்ததில அதிசயமில்லை.

ஒரு ஆளைப் பிடிச்சிட்டன். மூண்டு மாசத்தில தாறன் எண்டவர். ஒரு பாவிச்ச குழலும் அவரே வைச்சிருக்கிறார். பெயர் இஞ்ச போடேல்ல.

கராஜ்காரன் · அக்டோபர் 2

மூண்டு மாசம் அஞ்சு மாசமாச்சு. துவக்கு வந்திட்டுது. சந்தோசமா அலுமாரியில வைக்கப்போய், பின்முள்ளுக்குள்ளால பாத்தால் முன்முள் இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது, கள்ளடிச்ச ஆள் மாதிரி. போன் அடிச்சன். "முள்ளைத் தட்டி நகர்த்தினால் சரி, சுடும்" எண்டார். சாவியைப் பற்றிக் கேக்க மறந்துபோனன் எண்டதை ஒத்துக்கொள்ளுறன். உடலின்ர வயிற்றில பல்லுப் பல்லாக் கீறல் இருக்கு.

பழைய_இரும்பு · அக்டோபர் 2

பைப் ரெஞ்ச்!! சரி, திட்டி என்ன ஆகப் போகுது.

சுடறவன் பக்கத்துல இருந்து பாத்து இடம் சாஞ்சிருந்தா குழல் பன்னிரண்டைத் தாண்டிப் போயிருக்கு. வேற உடல்ல ஏற்கெனவே இறுகிக் கிடந்த குழல், தோள் அழுந்தியிருக்கும். கையால முடுக்கினப்பவே பன்னிரண்டுல வந்து நின்னிருக்கும், அதுக்கு மேலயும் இழுத்திருக்கார். முள்ளைத் தட்டினா முள் நகரும், ஆனா அடித்தட்டை முகமும் சாஞ்சுதானே இருக்கு? முன்கட்டை ஒரு ஓரத்துல மட்டும் தாங்கும். சூடு ஏற ஏற குறி ஊர்ந்துகிட்டே போகும்.

போல்ட் மூடற இடைவெளியை அளந்து குடுத்தாரா?

கராஜ்காரன் · அக்டோபர் 2

"ஒரு தோட்டா போட்டு மூடிப் பாத்தன்" எண்டார்.

கோவை_பட்டறை · அக்டோபர் 3

சுடாதீங்கோ. சாமி சத்தியமா சொல்றனுங்க.

வேட்டைக்கிறுக்கன் · அக்டோபர் 3

நான் அப்பவே சொன்னனான் எண்டு சொல்ல வாய் வருகுது, சொல்லேல்ல. எங்கட பக்கம் ஒரு மனிசர் இருக்கிறார், படையில ஆயுதத் திருத்து வேலை செய்து ஓய்வெடுத்தவர். இப்பவும் லைசென்ஸ் வைச்சிருக்கிறார். தனிமடல் பார். தபாலில கையெழுத்து வாங்கிற சேவையில அனுப்பலாம், ஆனால் நீ நேர கொண்டு வா. அவருக்கு ஆளைப் பாத்தால்தான் வேலை ஓடும்.

கராஜ்காரன் · டிசம்பர் 14

சட்பரிக்குப் போய் வந்தது நாலரை மணித்தியாலம் ஒரு பக்கம், பனிக்குள்ள. கிறுக்கன் அண்ணை வீட்டில சாப்பாடு வேற. மூஸ் இறைச்சிக் குழம்பு, சொல்லி வேலையில்லை.

மனிசர் கராஜ் ஒரு ஆஸ்பத்திரி மாதிரி. துவக்கைக் கையில வாங்கி, ஒண்டும் கதைக்காமல் அந்தக் கீறலைப் பெருவிரலால ஒருதரம் தடவினார். அவ்வளவுதான். பிறகு உடலை அளந்து, "முறுகேல்ல, உனக்கு அதிட்டம்" எண்டார். குழலை வெட்டி எறியாமல் கழட்டினார். மேசையில மூண்டு பழைய இராணுவக் குழல் வைச்சிருந்தார், மூண்டும் பாவிக்காதது, கொழுப்புப் பேப்பரில சுத்தினது. ஒவ்வொண்டாக் கையால முடுக்கிப் பாத்தார். முதலாவது பதினொரு மணியிலேயே தோள் முட்டி நிண்டிட்டுது. ரெண்டாவது பன்னிரண்டுக்குக் கிட்ட வந்து நிண்டுது. மூண்டாவது ஒரு விரல்கடை முன்னால நிண்டுது. "இது" எண்டார். லேத் பக்கமே போகேல்ல! கோவை அண்ணை, மன்னிக்கவேணும். படையில இப்பிடித்தானாம், பொருந்துற குழலைத் தேடுறது, பொருந்தாததைச் சீவுறதில்லை.

சாவியைப் போட்டு இழுக்கேக்க ஒரு சத்தம், பெரிய கதவுப் பிணைச்சல் ஒருக்கா முனகின மாதிரி. முடிஞ்சுது. அடியில நீர்மட்டம் வைச்சுத் தட்டை முகத்தைக் காட்டினார்.

போல்ட் தலை 1 இருந்தது, 0.074 அளவி மேல மூடிச்சுது. அதாவது அந்த எட்டு வெடியும், இனிச் சொல்லிப் பயனில்லை. 2 ஆம் நம்பர் தலை ஒண்டு போட்டார், அதுவும் மூடிச்சுது. வேறொரு 2 போட்டார், மூடேல்ல. ஒரே நம்பரிலயே நீளம் வித்தியாசமாம். 0.064 இல வழுக்கி மூடுது.

கோவை_பட்டறை · டிசம்பர் 14

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. மெஷினைத் தொடாம வேலை முடிக்கிறவன்தான் மேஸ்திரி.

பழைய_இரும்பு · டிசம்பர் 15

அருமை. இனி கட்டை. மணல்தாள் போடவே போடாதீங்க, முத்திரையெல்லாம் போயிடும். ஆளி விதை எண்ணெயைக் கையால தேய்ச்சு ஊற விடுங்க, பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். கட்டையோட பின்முனை உடல்ல இறுக்கமா உக்காரணும், அங்க லூசா இருந்தா உதை வாங்கி வாங்கி கட்டை பிளந்துடும். நுனியில கட்டை குழலை மேல தாங்கற அழுத்தம் ரெண்டுல இருந்து ஏழு பவுண்டுக்குள்ள இருக்கட்டும்.

லேக்‌ஷோர்_வாசி · டிசம்பர் 15

அழுத்தத்தை எப்படி அளப்பீர்கள்?

கராஜ்காரன் · பிப்ரவரி 8

அளந்தது மீன் நிறுக்கிற தராசாலதான். சிம்கோ ஏரிக்கு ஐஸ்மீன் பிடிக்கக் கொண்டுபோறது. குழல் நுனியில கொழுவி மேல தூக்கினால், கட்டையை விட்டு விலகத் தொடங்கேக்க நாலரை பவுண்ட் காட்டுது. விலகுதோ எண்டு பாக்க இடையில ஒரு சிகரெட் பேப்பர். அது வழுக்கி விழுற நேரம் தராசைப் பாக்கவேணும். மூண்டு கை வேணும். மகள் பேப்பரைப் பிடிச்சவ.

முன்கட்டை வேற இடத்தில, மேல்மூடி வேற இடத்தில, பூண் மூண்டும் ஒரு சந்தையில எடுத்தது. நிறம் மூண்டு விதம். எண்ணெய் பதினஞ்சு தரம் போட்டாப்பிறகு ரெண்டு விதமாக் குறைஞ்சிருக்கு. மொத்தச் செலவைக் கிறுக்கன் அண்ணைக்குச் சொல்லமாட்டன்.

போன சனி நூறு யாரில பத்து வெடி. எல்லாம் ஒரு பிடி கையால மூடலாம். கொஞ்சம் மேல போகுது, உயரமான முன்முள் அலகு ஒண்டு போடவேணும். ஒரு சன்னமும் பக்கவாட்டில போகேல்ல.

படத்தை அந்த மனுசிக்கு அனுப்பினன். மகளின்ர வீட்டில இருந்து போன் எடுத்தா. கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. அழுறாவாக்கும் எண்டு நினைச்சன். பேந்து கேட்டா, "ஏன் இவ்வளவு நீளமா இருக்கு?" கிழவர் கலியாணம் கட்டின முதல் வருசம் கராஜில நிண்டு ஒரு பின்னேரம் முழுக்க, கை கொப்பளிக்கக் கொப்பளிக்க அறுத்தவராம். அவதான் குழலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. "அவர் இவ்வளவு பாடுபட்டு வெட்டினதை நீ காசு குடுத்து நீட்டிப்போட்டியோ" எண்டு ஒரே சிரிப்பு.

வேட்டைக்கிறுக்கன் · பிப்ரவரி 8

மனுசி என்ர கட்சி.

கோவை_பட்டறை · பிப்ரவரி 9

அந்த அறுத்த குழல் எங்கீங்க? எறிஞ்சிட்டீங்களா?

கராஜ்காரன் · பிப்ரவரி 9

இல்லை. முதல் குழல் மாத்தினவர் துணியில சுத்தித் தந்தவர். நாளைக்கு மனுசியிட்ட கொண்டுபோறன், அவ கேட்டவ.